பாண்டுரங்கனின் கழுத்து

கெடார் பக்கம் எந்தக் கொல்லையில் புழு விழுந்தாலும் பாண்டுரங்கனைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாகக் கூலிக்கு மருந்தடிப்பவர். மருந்துப் பம்பின் முனையிலுள்ள நாசில் அடைத்துக்கொண்டால் கழற்றி வாயில் வைத்து ஒரு ஊது, ஒரு துப்பு, அடுத்த பாத்தி.

செவ்வாய்க்கிழமை கத்திரிக்கொல்லையில் அப்படி ஊதியவர், கொஞ்ச நேரத்தில் வரப்பிலேயே நுரை தள்ளி விழுந்தார். திண்டிவனத்தில் லேப் வேலை பார்க்கும் மகள் தமிழ்ச்செல்வி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் விஷமுறிவு ஊசி போட்டிருந்தார்கள்.

மறுநாள் பாண்டுரங்கனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு மூஞ்சிய இப்படி வச்சிக்கினு கீற? எமன் வந்தான். மருந்து நாத்தம் தாங்காம பூட்டான்."

அம்மா தனம் சிரித்தாள். மகள் அவர் கழுத்தையே பார்த்தாள். உயிர்வேதியியல் படித்தவள் அவள். நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை உடனுக்குடன் துடைப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. செல்லுக்குள் நாலு நாலாகச் சேர்ந்து, அப்படி மூன்று கூட்டம் ஒரே வாலில் கோத்து வெளியே வரும்; அந்த வாலால் தசையைப் பிடித்து நிற்கும். மூளையில் பிடிமானம் வேறு; அறிவு தெளிந்ததால் தசை தேறியதாகாது. பூச்சிமருந்து அதை முடக்கிவிட்டால், தசை புதிதாகச் செய்து, கோத்து, நட வேண்டும். நாளாகும். ரத்தச் சோதனையில் தெரிவது ரத்தத்தில் இருப்பது மட்டும்தான். மார்புத் தசையில் மிச்சம் எவ்வளவு என்று அது சொல்லாது. நாலு நாளைக்குள் கழுத்து தளர்ந்தால், அடுத்தது மூச்சு.

அந்த வாலைப் பரீட்சையில் வரைந்து முழு மார்க் வாங்கியவள், நாசில் தேய்க்க வீட்டில் ஒரு பழைய பிரஷ் எடுத்துக் கொடுத்தாளா?

மணிக்கொரு தரம் சொன்னாள். "நைனா, தலையத் தூக்கு."

"ஸ்கூல் டிரில்லா இது?" என்று தூக்கிக் காட்டினார்.

வியாழன் மதியம் தலை இரண்டு விரல் உயரம் எழும்பி, விழுந்தது.

"தூக்கம் வருதும்மா" என்று சமாளித்தார்.

"சிஸ்டர்! கழுத்து நிக்கல!"

நர்ஸ் லூர்துமேரி ஓடிவந்தார். "ஒரே மூச்சுல எண்ணுங்க, ஐயா."

ஏழோடு நின்றது. டாக்டர் வந்தார். தொண்டையில் குழாய் இறங்கியது.

"பேசிக்கினு இருந்த மனுஷனுக்கு இன்னாத்துக்குடி குழா?" தனம் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உள்ள புதுசா செஞ்சிக்கினு இருக்குதும்மா. அதுவரைக்கும் மிஷின் மூச்சு உடும்."

"எத்தினி நாளு?"

அது அவள் படித்ததில் இல்லை. பார்க்க விட்ட நேரமெல்லாம் அவர் பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அதே கனம். ஒன்பதாம் நாள் காலை, அவர் தலை தானே எழப் பார்த்தது போல், கையிலிருந்த கனம் ஒரு நொடி குறைந்தது. மறுபடி அழுத்தியது. கையை எடுக்கப் பயந்து, அப்படியே நின்றாள்.