ஏரிக்கு வந்து நின்ற அதிகாரி

ஏரிக்கரையில் மீன் எடை போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் போன் வந்தது. ஆம்பூர் வியாபாரிகள் இரண்டு பேர் ஐஸ் பெட்டியோடு காத்திருந்தார்கள். ஜமீல் பாய் என்று பெயரைப் பார்த்ததும் ரோகு விலை கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "தலைவரே, என் தங்கச்சி போய்ட்டா. காலையில தொழுதுட்டு உக்காந்தவ, அப்படியே சாஞ்சிட்டா. உங்க ஆளுங்களுக்கு நீங்கதான் சொல்லணும்" என்றார். நிதானமாகத்தான் சொன்னார்.

இந்த வட்டாரத்தில் ஏரியில் வலை போடுகிற எல்லோருக்கும் ஷாகிரா பேகத்தைத் தெரியும். எங்களுக்கு அவர் ஷாகிரா மேடம். மீன்வள ஆய்வாளராக எங்கள் பகுதியில் பல வருடம் வேலை பார்த்து, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றார். நான் எங்கள் ஏரியின் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவன். அவரோடு நான் போட்ட சண்டைகளில் பாதிக்குச் சாட்சியாக இருந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். மறந்தவர்களுக்கும், அவர் ஓய்வு பெற்ற பிறகு வலையைக் கையில் எடுத்தவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

அவர் வந்த வருடம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. புதுத் தண்ணீர் கால்வாயில் இறங்கினால் மீன் எதிர்த்து ஏறும். முட்டையிடப் போகிற மீன் அது. கால்வாய் வாயில் அந்த வாரங்களில் பிடிக்கக் கூடாது, பொடிக் கண் வலை எப்போதுமே கூடாது என்பது சட்டம். சட்டம் இருப்பது எங்களுக்கும் தெரியும். அதைச் சொல்ல ஒருவரும் ஏரிக்கு வந்ததில்லை என்பதும் தெரியும். என் தங்கை செல்வியின் வீட்டுக்காரர் குப்பன் கொசுவலையைக் குறுக்கே கட்டி அள்ளிக்கொண்டிருந்தார். மேடம் ஸ்கூட்டரைக் கரையில் நிறுத்தி, பையிலிருந்து ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி இறங்கி வந்தார்.

"நாலு குஞ்சு மீனு. இதுக்குப் போயி இன்னா மேடம்" என்றார் குப்பன்.

"இது இன்னிக்கு நாலு குஞ்சு. தை மாசத்துல நீங்க புடிக்கப்போற மீனே இதுதான். வலய குடுங்க."

வலையைப் பிடுங்கவில்லை. கையை நீட்டிக்கொண்டே நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. குப்பன்தான் கடைசியில் அவிழ்த்துக் கொடுத்தார். அன்று பறிமுதல் செய்த வலைகளை அவரே ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் நாங்கள் அவர் ஆபீஸ் முன்னால் நின்றோம். எனக்கு நல்ல கோபம். "ஏழைப்பட்டவன் வலதான் கண்ணுல படுதா மேடம்? கால்வாய்க்கு மேல குட்டை வெட்டி ஆப்பிரிக்கக் கெளுத்தி வளக்குறாங்க. மழை ஜாஸ்தியானா குட்டை ஒடச்சிக்கிட்டு மொத்தமும் எங்க ஏரிக்குத்தான் வரும். எங்க மீனு ஒண்ணு மிஞ்சாது. அதப் புடிங்க பாக்கலாம்" என்றேன்.

வளர்க்கவே கூடாது என்று அரசு தடை செய்த மீன் அது. எதைப் போட்டாலும் தின்னும். கூட இருக்கிற மீனையும் தின்னும்.

"யாரோட குட்டை?" என்று கேட்டார்.

கூட வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "உங்க அண்ணன், ஜமீல் பாயுது."

ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். மேடம் என் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று பார்த்திருக்கலாம். "கட்லா வளக்குறேன்னு சொன்னாரு" என்றார் மெதுவாக. பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க தலைவரே, போய்ப் பாப்போம்."

குட்டைகளை நெருங்கும் முன்பே நாற்றம் வந்தது. கோழிக் கழிவும், தோல் கம்பெனிகளில் சுரண்டி எறிகிற சவ்வும் ஒரு வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு கூடை உள்ளே போனதும் தண்ணீர் கொதிப்பது போலப் புரண்டது. ஜமீல் பாய் தங்கையைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்பா தோல் கம்பெனியில் மேஸ்திரி. அந்தக் கம்பெனி மூடிய பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அவர்தான். தங்கையைக் காலேஜ் படிக்க வைத்ததும் அவர்தான். அதையெல்லாம் மேடமே பின்னாளில் என்னிடம் சொன்னார்.

டீயை வாங்கி வைத்துவிட்டு, "இத மூடணும் பாய்ஜான்" என்றார்.

"ஊர்ல எத்தன பேரு வளக்குறான். சட்டத்த நீயா போட்ட?"

"நான் போடல. ஆனா பாத்துக்கச் சொல்லி எனக்குத்தான் சம்பளம் குடுக்குறாங்க."

அவ்வளவுதான் பேச்சு. டீ அப்படியே இருந்தது.

எல்லாம் உடனே நடந்துவிட்டது என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். அப்படி இல்லை. குட்டைக்காரர் தன் அண்ணன் என்று மேடமே மேலதிகாரிக்குத் தெரிவித்தார். அந்த அதிகாரி லீவு போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். குட்டை விஷயத்தைச் சங்கத்துக்காரர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டையும் மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. உத்தரவில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், வட்டாட்சியர் முன்னால் நடக்கட்டும், நானும் அங்கே இருப்பேன் என்றார். ஏன் இப்படி என்று நான் கேட்டதற்கு, "நான் வராம இருந்தா ஒதுங்கிட்டான்னு சொல்வாங்க. நான் மட்டும் தனியா செஞ்சா, சொத்துத் தகராறுன்னு சொல்வாங்க. கவர்மெண்டு செஞ்சதுன்னு இருக்கணும்" என்றார்.

அதற்குள் வாரங்கள் ஓடின. வானம் தினமும் கருத்தது. எங்கள் ஆட்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு சாயங்காலம் கரையில் கூடி, நாமே போய்க் குட்டையில் பூச்சி மருந்தைக் கலக்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். நானும் சரி என்றேன். யாரோ மேடத்துக்குச் சொல்லிவிட்டார்கள். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பூட்ஸ்கூட மாட்டவில்லை.

"மருந்து எங்க?" என்று கேட்டார். குப்பன் காட்டினார். "இத நீங்க கலக்குனா, மழையில அது உங்க ஏரிக்குத்தான் வரும். அது ஒண்ணு. நீங்க கை வெச்சா அடிதடி கேசு. நாளைக்கு நான் வந்து உங்களுக்கு எதிராத்தான் எழுதணும். அது ரெண்டு."

"அப்ப நீங்க செய்யுங்க. எத்தன நாளா சொல்லிக்கினே இருக்கீங்க" என்றேன்.

"செய்றேன். சட்டத்த வெச்சிருக்குறது சர்க்காரு, செய்ய வேண்டியதும் சர்க்காரு. அந்த வேலையத் தூக்கி உங்க தலையில வெக்க எனக்கு உரிமை கிடையாது தலைவரே. நீங்க கேக்குறத மட்டும் விட்டுடாதீங்க. தினமும் வந்து கேளுங்க. நான் பேஜார் ஆனாலும் கேளுங்க."

கேட்டோம். தினமும் இரண்டு பேர் போய் அவர் ஆபீஸில் உட்கார்ந்தோம். அவர் எங்களையே கூட்டிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனார், அங்கேயும் உட்கார வைத்தார். அவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது அங்கேதான். கேள்வி கேட்க வந்த எங்களை அவர் ஒருபோதும் விரட்டவில்லை.

உத்தரவு வந்த அன்று வெயில் அடித்தது. வட்டாட்சியர், போலீஸ், மண் தள்ளும் இயந்திரம் எல்லாம் வந்தன. தண்ணீரை இறைத்து, கெளுத்திகளை வாரி, பெரிய பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். வாருவதற்கு எங்கள் ஆட்களைத்தான் கூலிக்கு வைத்தார்கள். எங்களில் ஒருவன் ஜமீல் பாய் காதில் விழும்படி கேலியாக ஏதோ சொல்லிச் சிரித்தான். மேடம் திரும்பி, "சிரிக்கிறவங்க கரைக்குப் போலாம். இங்க ஒருத்தரோட பொழப்ப மூடிக்கினு இருக்கோம்" என்றார்.

ஜமீல் பாய் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது தங்கையிடம் உருதுவில் ஒன்று சொன்னார். இனி என் வாசலை மிதிக்காதே என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. மேடம் பள்ளம் முழுதும் மூடுகிறவரை நின்றார். பிறகு என்னிடம் வந்து, "கொஞ்சம் தண்ணி இருக்கா?" என்று கேட்டார். பாட்டிலைக் கொடுத்தேன். முகத்தைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். இரண்டு நாள் கழித்து மழை கொட்டியது. கால்வாய் இரண்டு பக்கமும் நிரம்பி, காலியாகக் கிடந்த அந்தக் குட்டைகளின் மேலேயே ஓடி ஏரிக்கு வந்தது.

அந்த மழையோடு எங்களுக்கு வேறு கஷ்டம் வந்தது. இந்த முறை நாங்கள் தடையை மதித்து வலையைக் காயப்போட்டிருந்தோம். செல்வி ஒரு நாள் கரையில் மேடத்தை மறித்தாள். "புடிக்காதன்னு சொல்லிட்டீங்க. சரி, புடிக்கல. இந்த மாசம் அடுப்புல இன்னாத்த வெக்கறது?"

மேடம் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "எனக்குத் தெரியல செல்வி. கேட்டுட்டு வர்றேன்" என்றார்.

கேட்டுவிட்டுத்தான் வந்தார். அது அவர் துறையின் வேலையே இல்லை. ஆனாலும் ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். மீன் ஏறும் மாதத்தில் எங்கள் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நூறு நாள் வேலையைக் கொடுக்க வைத்தார். ஏரிக்கரையைப் பலப்படுத்துவதும் மற்ற சின்னக் கால்வாய்களின் புதரை வெட்டுவதும்தான் வேலை. "கூடாதுன்னு சொல்ற ஆபீசு, வேற என்ன செய்யறதுன்னு சொல்லாம வீட்டுக்குப் போகக் கூடாது" என்பார். வேலை நடக்கும் இடத்தில் செல்வி அவருக்கு மீன் குழம்பு கொடுத்துப் பார்த்தாள். தொடவில்லை. ஏரியில் பிடித்த மீனை ஏரிக்கரையில் அவர் வாங்கியதே கிடையாது. ஆம்பூர் பஜாருக்குப் போய், வரிசையில் நின்று, எங்கள் மீனையே வாங்குவார். "இது எங்க ஏரி மீனுதானேன்னு கடைக்காரன்கிட்ட கேப்பேன். ஆமாம்பான். எனக்கு அது போதும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அண்ணன் தங்கை பேச்சு எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அவர்கள் அம்மா வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இருவரும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அம்மா வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் ஜமீல் பாய் எங்கள் சங்கத்துக்கு வந்தார். முறைப்படி அனுமதி வாங்கி ரோகு விட்டிருந்தார். வாருவதற்கு ஆள் வேண்டும் என்றார். போனோம். தண்ணீர் தெளிவாக இருந்தது. "என் தங்கச்சி வந்து பாக்க மாட்டேங்குறா. வேற ஆபீசர அனுப்புறா" என்று குறைபோலச் சொன்னார். குரலில் இருந்தது பெருமை என்று எனக்குப் பட்டது.

ஜனாஸா ஊர்வலத்தன்று எங்கள் ஆட்கள் பள்ளிவாசல் தெருவில் ஓரமாக நின்றோம். செல்வியும் மற்ற பெண்களும் முன்னதாகவே வீட்டுக்குள் போய் முகம் பார்த்து வந்துவிட்டார்கள். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் முதல் ஆளாக ஜமீல் பாய் இருந்தார். எங்களைத் தாண்டும்போது கொஞ்சம் நின்று, தோள் கொடுக்கும்படி தலையை அசைத்தார். நானும் குப்பனும் தெருமுனைவரை கொடுத்தோம்.

போன வாரம் வெளியூர் ஆட்கள் நாலைந்து பேர் மினி லாரியில் இன்வெர்ட்டர் பேட்டரி கொண்டுவந்து, ஏரியில் கரண்டு விட்டு மீன் பிடிக்கத் தொடங்கினார்கள். பெரியது சிறியது எல்லாம் வெள்ளையாக மிதந்தது. எங்கள் ஆட்கள் கட்டையை எடுத்தார்கள். நான் நிறுத்திவிட்டு, இப்போதிருக்கும் ஆய்வாளருக்குப் போன் போட்டேன். இளைஞர், நல்ல பையன்தான். "சங்கம்தானே குத்தகை எடுத்திருக்கு, நீங்களே பேசி அனுப்பிடுங்களேன்" என்றார்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன், மேடம் எந்த அதிகாரியிடமும் வர முடியுமா என்று கேட்டதில்லை. அவர் கேட்பது வேறு. அதையே நானும் கேட்டேன்: "எத்தன மணிக்கு வர்றீங்க சார்?"

"அரை மணி நேரம் ஆகும்" என்றார்.

"வாங்க. அதுவரைக்கும் யாரும் கை வெக்காம நான் பாத்துக்குறேன். நீங்க வந்ததும் கூட நிக்கிறேன்."

போலீஸோடு வந்தார். பேட்டரியும் லாரியும் பறிமுதல் ஆயின. எங்கள் பக்கம் ஒருவர் மேலும் கீறல் இல்லை. ஷாகிரா மேடத்திடமிருந்து நான் எனக்காக வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். ஏரி இருக்கிறவரை அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குப் பிறகு தலைவராக வருகிறவருக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.