துண்டு கேட்டால் நகல்

அவர் விரல்கள் ஒரு வரியை அடித்தன, நின்றன, அழித்தன. எண்வரிசையில் ஒரு துண்டை எடுத்து மாற்றினால் மூல எண்கள் மாறக்கூடாது. அந்த வரியின் வேலை அவ்வளவுதான்.

கல்லூரி வாசலை மிதிக்காதவர் அவர். பிறர் எழுதிய நிரல்களைப் பிரித்துப் பார்த்தே ஒரு நிரல்மொழியை உருவாக்கினார். அதைப் பயன்படுத்திய ஒரே இடம் அக்கா வேலை பார்த்த அணை அலுவலகம். அங்கே அவருக்கு ‘மொழிக்காரர்’ என்று பெயர்.

அந்த மொழியில் ஒவ்வொரு எண்ணும் தனித்தனிப் பெட்டியில் கிடந்தது. மழைக்கணக்கு போட்டால் கணினி பெட்டி பெட்டியாகத் திறந்து மூடும். வெள்ளம் வடிந்த பிறகு வெள்ளம் வருமென்று சொல்லும். தலைமைப் பொறியாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த மழைக்காலத்துக்குள் வேகம் வராவிட்டால் வேறு மொழி.

மொழிக்காரர் எண்களை அருகருகே அடுக்கினார். துண்டு கேட்டால் நகல் எடுக்காமல் அதே இடத்தைச் சுட்டிக்காட்டும்படி வைத்தார். கணக்கு கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அக்கா அன்றே அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்.

மறுவாரம் வீட்டுக்கு வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பழைய பெருவெள்ளத்தோட அளவையே காணோம்டா.”

“காணோம்னா?”

“ஒரு துண்டை எடுத்து மேடுபள்ளத்தைச் சமப்படுத்தினேன். மூலமும் சேர்ந்து சமமாயிடுச்சு. தெரியாம சேமிச்சுட்டேன். ஊரை முக்கின தண்ணி இப்போ கணக்குல கணுக்காலளவு நிக்குது.”

“வேற நகல்?”

“அதுவும் இதுக்கப்புறம் எடுத்ததுதான்.”

துண்டு மூலத்தோடு ஒட்டியிருக்கும் என்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல. அதை அக்காவிடம் சொல்ல வேண்டுமென்றே தோன்றவில்லை.

மாற்றும்போது மட்டும் நகல் எடுக்கப் பார்த்தார். ஒவ்வொரு எண்ணையும் எழுதுமுன் ஒரு சோதனை. அதிலேயே வேகம் செத்தது. எல்லாத் துண்டுக்கும் நகல் எடுத்தால் தவறு நேர வழியே இல்லை. ஆனால் அலுவலகக் கணினியின் நினைவகம் அதற்கு ஆனைப் பசிக்குச் சோளப்பொரி.

“போன வாரம் குடுத்த வேகமானதையே குடுத்துடு. நான் ஜாக்கிரதையா இருந்துக்கறேன்” என்றார் அக்கா.

“நீ இருப்பே. உனக்கப்புறம் வர்றவங்க?”

“வேகம் இல்லேன்னா தூக்கிப் போட்டுடுவாங்கடா.”

“தெரியும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன.”

“எங்க ஆபீஸ்ல வந்து இதைச் சொல்லிடாதே. அந்தச் சாணுக்கும் முழத்துக்கும்தான் சம்பளமே.”

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை.

எல்லாத் துண்டுக்கும் நகல் என்றே முடித்தார். கடைசிச் சோதனையில் மூல எண்கள் அசையவில்லை. காலையில் தொடங்கிய அணைக்கணக்கு விளக்கேற்றும் நேரத்தில் முடிந்தது. பொறியாளர் இதை ஏறெடுத்தும் பார்க்கப் போவதில்லை. பென் டிரைவில் ஏற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.