மாஷிமாவின் உள்ளங்கை

அந்தக் கைவைத்தியம் மாமாவின் சட்டைப்பையில் மடித்துவைத்த காகிதமாக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. அதுவரை கைவைத்தியம் என்றால் சுக்கு, மிளகு, ஓமம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். மாமா கொண்டுவந்தது நிஜமாகவே கையில் செய்கிற வைத்தியம். அவருக்குக் கல்கத்தா கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரர் இவருக்குச் சிநேகமாகி, கப்பல் கிளம்பும் அன்று கொடுத்துவிட்டுப் போனாராம். இரண்டு பெரிய உள்ளங்கைகளை வரைந்து, உடம்பின் அத்தனை உறுப்புகளையும் அவற்றுக்குள் பங்குபோட்டு ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. தன் அக்காவுக்குப் புரியவேண்டுமே என்று மாமா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழிலும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

அம்மாவுக்கு அப்போது தீராத ஒற்றைத் தலைவலி. அது வந்த நாளில் ஜன்னல்களைச் சாத்திவிட்டு நெற்றியில் ஈரத்துணியோடு படுத்துவிடுவாள். மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய கட்டைவிரல் நுனியைத் தன் இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து அழுத்தினார்.

“இதுதான்க்கா தலை. எங்க அழுத்தினா சுருக்குன்னு வலிக்குதோ, அந்த இடத்துக்கு உண்டானதுலதான் கோளாறு. விடாம அழுத்து, சரியாப் போயிடும்.”

ஆபீசிலிருந்து வந்த அப்பா சார்ட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். “உன் தம்பிக்குப் புத்தி எந்த இடத்துல இருக்குன்னு இதுல போட்டிருக்கா?” என்று கேட்டார்.

ஆனால் தலைவலி குறைந்தது. அழுத்தியதால் குறைந்ததா, அழுத்துகிற அரைமணி நேரமும் அம்மாவை யாரும் எதற்கும் கூப்பிடாததால் குறைந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. சார்ட்டை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு மாதத்துக்குள் அம்மாவைவிட எனக்கு அது நன்றாக மனப்பாடமாகிவிட்டது. விரல்களின் அடியில் கண்ணும் காதும், அவற்றுக்குக் கீழே நுரையீரல், இடது கையில் மட்டும் இதயம், உள்ளங்கைக் குழியில் சிறுநீரகம். வகுப்பில் டீச்சர் பாடம் நடத்தும்போது பெஞ்சுக்கடியில் என் கல்லீரலை நானே அழுத்திப் பார்த்துக்கொள்வேன்.

நாங்கள் குடியிருந்தது லேக் கார்டன்ஸில், ஒரு வீட்டின் மாடியில். கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மாள். அம்மாவின் அக்கா தங்கைகளை வங்காளிகள் கூப்பிடுகிற மாதிரி அவரை நாங்கள் மாஷிமா என்று கூப்பிட்டோம். கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன், கல்லூரியில் படித்தவர். வீட்டில் அவருக்குப் பெயர் கோக்கா. எனக்கு அண்ணன் முறை, அதனால் கோக்காதா. “ஏ மத்ராஜி!” என்று சத்தம் போட்டு என்னைக் கூப்பிட்டு, சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து ஏரியை ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து விடுவார்.

அந்தக் கோக்காதா ஒரு மழைக்கால மத்தியானம் வெளியே போனவர் திரும்பி வரவில்லை. புரட்சி என்று கிளம்பிய பையன்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த எழுபதுகளின் தொடக்கத்தில் அப்படிப் பிள்ளைகளைத் தொலைத்த வீடு அது ஒன்றுதான் என்று சொல்லமுடியாது. போலீஸ் இரண்டு தடவை வந்து அவருடைய புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு மாஷிமாவின் வாசலைத் தாண்டும்போது எல்லோரும் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். நாங்களும்தான். கீழே போய் விளையாடக் கூடாது என்று அப்பா எனக்குத் தடை போட்டிருந்தார்.

அப்படியிருக்க, ஒருநாள் மாஷிமாவே படியேறி வந்து எங்கள் கதவைத் தட்டினார். தனக்கு ஒம்பல் என்றார். ஒம்பல் என்பது நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வங்காளிகள் வைத்திருக்கும் பெயர். அந்த ஊரில் ஒம்பல் இல்லாத ஆளை நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்து அம்மா வைத்தியம் செய்கிற செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. அம்மா அவரை உள்ளே கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா குரலைத் தாழ்த்திப் பேசினார். “அந்த வீட்டு மேல போலீசுக்கு ஒரு கண்ணு இருக்கு. நமக்கு எதுக்கு வம்பு? நான் ஆபீஸ்ல வேலை பாக்குறவன்.”

“நெஞ்செரிச்சலுக்குக்கூடவா போலீசைக் கேக்கணும்?” என்றாள் அம்மா. அப்பா அன்று முதல் மாஷிமா வரும் மாலைகளில் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு வேலை காத்திருக்கும். கல்கத்தாவுக்கு வந்து ஐந்து வருடமாகியும் அம்மாவின் வங்காள மொழி காய்கறி வண்டியோடு நின்றுவிட்டது. விலை கேட்கவும், அழுகல் என்று சொல்லவும் தெரியும். மாஷிமாவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அதனால் இருவருக்கும் நடுவில் சார்ட்டை மடியில் விரித்துக்கொண்டு நான்.

“அவங்க சொல்றதை அப்படியே சொல்லணும். நீயா எதையும் சேக்கக் கூடாது, என்ன?” என்று அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். நானும் கோர்ட்டில் சாட்சி சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன்.

ஒம்பலுக்கு இரைப்பையின் இடத்தை அம்மா ஒரு வாரம் அழுத்தினாள். அடுத்த வாரம் மாஷிமாவுக்கு முழங்கால் வலி. அதற்கடுத்து கண் எரிச்சல், பிறகு காதில் ஏதோ சத்தம். அம்மா ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தைத் தேடி அழுத்தி, “வலிக்குதான்னு கேளு” என்பாள். மாஷிமா ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி, “லாக்சே நா” என்பார். வலிக்கவில்லை. எனக்கு இது பெரிய குழப்பமாக இருந்தது. இத்தனை வியாதி உள்ளவருக்கு எந்த இடத்திலும் வலிக்காமல் இருந்தால் மாமாவின் சார்ட் பொய்யென்று ஆகிவிடாதா? அம்மாவிடம் கேட்டேன். “வந்துட்டுப் போகட்டும், விடு” என்றாள். என் கேள்விக்கு அது பதிலே இல்லை.

கார்த்திகை மாதம் போல இருக்கும். பூஜா விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அன்று மாஷிமா வந்து உட்கார்ந்தவர் எந்த வலியும் சொல்லவில்லை. என் மடியிலிருந்த சார்ட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் வெறுங்கையை நீட்டி, மெதுவாக ஒன்று கேட்டார்.

“கோக்கார் ஜாய்கா கொத்தாய், போமா?”

போமா என்றால் மருமகள். அம்மாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். நான் கொஞ்சமும் மாற்றாமல் சொன்னேன். “கோக்காதாவோட இடம் எங்கேன்னு கேக்கறாங்கம்மா.”

அம்மா மாஷிமாவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சார்ட்டை அவள் பார்க்கவே இல்லை. உள்ளங்கை முடிந்து மணிக்கட்டு தொடங்குகிற இடத்தில், கட்டைவிரல் பக்கமாக, தன் பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

“இங்கேன்னு சொல்லு.”

நான் சார்ட்டைப் பார்த்தேன். அந்த இடத்தில் மாமா எதுவும் எழுதவில்லை. எழுதாதது மட்டுமல்ல, ஏற்கெனவே அச்சாகியிருந்த ஆங்கிலச் சொல்லையும் நீல மையால் பூசி அழித்திருந்தார். அம்மா தெரியாமல் தப்பான இடத்தில் கையை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அதனால் இரண்டையும் சேர்த்தே மாஷிமாவிடம் வங்காள மொழியில் சொன்னேன்: இங்கே என்று அம்மா சொல்கிறாள், ஆனால் சார்ட்டில் இங்கே எதுவும் இல்லை.

அவர் என் சொல்லைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அம்மாவின் பெருவிரலைக் குனிந்து பார்த்தார். அந்த மணிக்கட்டைப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு வந்தது. “லாக்சே” என்றார். “லாக்சே, போமா. குப் லாக்சே.” ரொம்ப வலிக்கிறது. நான் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தபோது, “தெரியுதுடி” என்றாள் அம்மா. “நீ போய் விளையாடு.”

அன்றோடு என் வேலை போயிற்று. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாஷிமா வந்தார். நான் சார்ட்டோடு போனால் அம்மா கண்ணாலேயே என்னைத் திருப்பி அனுப்பினாள். கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டேன். பாதி நேரம் சத்தமே இல்லை. மீதி நேரம் மாஷிமா வங்காள மொழியில் எதையோ சொல்லிக்கொண்டே போவார், அம்மா தமிழில் “ஆமா, ஆமா” என்பாள். ஒரு சொல்கூடப் புரியாமல் எதற்கு ஆமாம் போடுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கோக்காதா அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் நாக்பூருக்குக் கிளம்புகிறவரைக்கும் மாஷிமா தினமும் சாயங்காலம் படியேறி வந்துகொண்டிருந்தார். ஒம்பல் பேச்சை மட்டும் அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. கோக்காதா என்ன ஆனார் என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

என்னை வெளியே அனுப்பிய அன்று நான் நேராக வாசலுக்குப் போய் அப்பாவிடம் புகார் சொன்னேன்.

“அம்மா மாஷிமாகிட்டப் பொய் சொல்லிட்டா. கோக்காதாவுக்கு அதுல இடமே இல்லை.”

எந்த இடத்தைக் காட்டினாள் என்று கேட்டார். காட்டினேன். அப்பா சார்ட்டைத் தூக்கிச் சாயங்கால வெயிலுக்கு நேராகப் பிடித்து, பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு மடித்து என் கையில் கொடுத்தார்.

“பொய் சொல்லலைம்மா” என்றார். வாசல் நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, காபி கலக்கச் சமையலறைக்குப் போனார். அப்பா காபி கலந்து நான் பார்த்தது அன்றுதான்.

அவர் செய்ததுபோலவே நானும் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மைக்குள் எழுத்துகள் தெரிந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தேன். யூ, டி, ஈ, ஆர், யூ, எஸ். கருப்பைக்கு ஆங்கிலத்தில் அதுதான் சொல் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. மாஷிமா கேட்டது கோக்காதாவின் இடம் எங்கே என்று. அம்மா காட்டிய இடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அதை மாமா மறைத்து வைத்திருக்கிறார், அப்பாவும் படித்துவிட்டுச் சொல்ல மறுக்கிறார். போலீசுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் எல்லோரும் ஒளிக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

பள்ளிக்கூட அட்லஸை எடுத்து, கடைசிப் பக்கங்களில் ஊர்ப் பெயர்கள் வரிசையாகப் போட்டிருக்கும் இடத்தைத் திறந்தேன். விரலை வைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தேன். யூட்டா இருந்தது. அதற்கு அடுத்த வரியில் உட்ரெக்ட் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கோக்காதா இருந்த ஊரைக் காணவில்லை. சின்ன ஊராக இருக்கும், அதனால்தான் போடவில்லை என்று நினைத்துக்கொண்டு அட்லஸை மூடினேன்.