பாய் சரியாகத்தான் படித்தார்

போன புதன்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நிருபர்கள் அறையில் தொலைபேசி அடித்தது. ஓவியர் வேலாயுதம் தாம்பரத்திலிருந்து பேசினார். பின்னால் பஸ் சத்தம். "சார், ஹெலன் டீச்சர் போயிட்டாங்க. விடியக்காலைல, தூக்கத்துலயே. சாயந்திரம் நாலு மணிக்கு அடக்கம்."  

மரணச் செய்தி எழுதுவது என் தொழிலில் ஒரு பகுதி. பெயர், வயது, வகித்த பதவி, உற்றார் விவரம் என்று பத்து வரிகளில் முடித்துவிடுவேன். அன்று இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டேன். "என்ன வேலை பார்த்தவங்க?" என்று உதவி ஆசிரியர் கேட்டார். டீச்சர் என்றேன். எந்தப் பள்ளியில் என்றார். பள்ளியை எப்போதோ விட்டுவிட்டார், பாடம் எழுதுபவர் என்றேன். எந்தப் பாடநூல் என்றார். அவர் பெயர் போட்ட பாடநூல் எதுவும் கிடையாது. கடைசியில் 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்று அச்சாயிற்று. உண்மைதான், ஆனால் போதாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடைய சக ஆசிரியர்கள். என்னைவிட அருகில் இருந்தவர்கள். நான் பார்த்த ஒரு வாரத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

கி. ஹெலன் தங்கராணி தாம்பரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தவர். அறுபதுகளின் நடுவில் அங்கிருந்து ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் ஆடியோ விஷுவல் பிரிவுக்கு வந்தார். கல்லூரிக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளக் கொட்டகை. அங்கேதான் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தார். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமலே ஒருவர் தானாகக் கற்றுக்கொள்ளும்படி பாடங்களை அமைப்பது அவர் வேலை. பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டுவார். ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி. அடுத்த பக்கத்தில் விடை. படிப்பவர் தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். வெளிநாட்டில் இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. கொட்டகையில் இருந்தவர்கள் இதைப் 'படிக்கட்டுப் பாடம்' என்றார்கள்.

நான் முதலில் அங்கே போனது ஒரு ஸ்லைடு மெஷினைப் பற்றி எழுத. கடல் கடந்து வந்த மெஷின். அதைத் துடைத்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். நான் போன நேரம் கரண்ட் இல்லை. "கரண்ட் போச்சுன்னா இது தகர டப்பாதான் சார்," என்றார் ஹெலன் டீச்சர். "வந்ததுக்கு இதைப் பண்ணிப் பாருங்க." கையில் இருபது சீட்டுகளைக் கொடுத்தார். பியூஸ் போனால் புது வயர் கட்டுவது எப்படி என்ற பாடம். கொடுத்துவிட்டு ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். பதினோராவது சீட்டில் தவறான விடை எழுதினேன். கூச்சமாக இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "எங்க நின்னீங்க? எந்த வார்த்தையில?" என்று பென்சிலை எடுத்தார். நான் காட்டிய வார்த்தையை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்.

பெப்பர்மின்ட் எதற்கு என்று கேட்டேன்.

"வாயைக் கட்ட. படிக்கிறவங்க தடுமாறும்போது டீச்சருக்குக் கை கால் பரபரக்கும், உடனே எடுத்துக் குடுத்துடுவோம். அப்புறம் பாடம் தேறிச்சா, நான் தேறினேனான்னு எப்படித் தெரியும்? நான் புத்தகத்தோட வீட்டுக்கு வீடு போக முடியுமா சார்?"

மெஷினைப் பற்றி நான் எழுதவே இல்லை.

இனி அந்த வாரம். எழுபதுகளின் தொடக்கம். பம்மலில் ஒரு தோல் பதனிடும் ஆலை. ஆவாரம் பட்டையை ஊறவைத்துப் பதனிட்டுக்கொண்டிருந்த இடத்தில் புதிய முறை வந்திருந்தது. அதற்கு ஆசிட் தேவை. கண்ணாடி ஜாடியில் வரும் கெட்டியான ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து இளக்க வேண்டும். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஆசிட். வரிசை மாறி, ஆசிட் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். கண் போகும். பழைய வேலை பார்த்த ஆட்களைத்தான் ஆசிட் கலக்கும் புதிய கொட்டகைக்கு மாற்றினார்கள். அவர்களுக்கு ஒரு பாடப் புத்தகம் வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியைக் கேட்டிருந்தார்கள்.

ஹெலன் டீச்சர் மூன்று மாதம் எழுதினார். படங்கள் வரைந்தவர் வேலாயுதம். ஒரு பக்கத்தில் இரண்டு படம், கீழே இரண்டு வரி. இடது பக்கப் படத்தில் ஓர் ஆள் குடத்திலிருந்து தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறான். வலது பக்கப் படத்தில் அதே ஆள் ஜாடியைச் சாய்த்து ஆசிட் ஊற்றுகிறான். எழுதும்போதே ஆலையில் ஆறு பேரிடம் சோதித்துத் திருத்தியிருந்தார். ஆயிரம் பிரதி அச்சாகி வந்தது. வெள்ளிக்கிழமை வெளியீட்டு விழா. பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. நானும் கட்டுரை எழுதி வைத்துவிட்டேன்.

அச்சான பிறகும் ஒரு தடவை சோதிப்பது அவர் வழக்கம். "கையெழுத்துல இருந்தது வேற, அச்சுல வந்தது வேற. புது ஆள்கிட்டதான் கேட்கணும்." திங்கட்கிழமை பம்மலுக்குப் புறப்பட்டார். வேலாயுதமும் நானும் கூடப் போனோம்.

அன்று சோதனைக்கு உட்கார்ந்தவர் காதர் பாய். நாற்பத்தைந்து வயது இருக்கும். தோலில் முடி கழல ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் இருபது வருடம் நின்றவர். அடுத்த வாரம் ஆசிட் கொட்டகைக்குப் போக வேண்டியவர். தமிழ் எழுத்து தெரியாது, படம் பார்த்துச் செய்கிறேன் என்றார். எதிரே ஒரு தொட்டி, ஒரு குடம் தண்ணீர். ஆசிட்டுக்குப் பதிலாக மஞ்சள் கரைத்த தண்ணீர் ஒரு ஜாடியில். காதர் பாய் புத்தகத்தைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு ஜாடியைத் தூக்கி மஞ்சள் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். அதன்மேல் குடத்தைக் கவிழ்த்தார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "இன்னா பாய், மூஞ்சி வெந்துபூச்சே! வூட்ல அடையாளம் தெரியாது இனிமே!"

ஹெலன் டீச்சர் சிரிக்கவில்லை. கன்னத்தில் பெப்பர்மின்ட் அப்படியே நின்றது. அதைக் கடித்து விழுங்கிவிட்டுத்தான் பேசினார். "பாய், ஏன் ஜாடியை முதல்ல எடுத்தீங்க?"

"படத்துல அப்டித்தானே கீது டீச்சரம்மா?" காதர் பாய் வலது பக்கப் படத்தின்மேல் விரலை வைத்தார். அங்கிருந்து இடது பக்கம் நகர்த்தினார். "இதான் முதல்ல. அப்பால இது."

"தலைகீழாப் படிக்குது பாரு," என்றான் ஒருவன்.

"இன்னாடா தலைகீழு? சின்ன வயசுலேர்ந்து இப்டித்தான் ஓதிக்கினு வரேன். ஓதறது வலப்பக்கத்துலேர்ந்துதான். நீ படிச்ச பள்ளிக்கூடம் வேற, நான் ஓதின பள்ளிக்கூடம் வேற."

அவர் அரபி எழுத்தை நன்றாக வாசிப்பவர். எழுத்து என்றால் வலமிருந்து இடம் என்று அவர் கண்ணுக்குப் பழக்கம். முன்பு சோதித்த ஆறு பேரும் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். படம் புரியாவிட்டாலும் கீழே இருந்த வரி அவர்களைக் காப்பாற்றியது. பம்மல் ஆலைகளில் காதர் பாயைப் போல ஓதக் கற்றவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

"பாய் சரியாத்தான் படிச்சிருக்கார்," என்றார் ஹெலன் டீச்சர், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் தப்பா எழுதியிருக்கேன். மன்னிச்சுக்குங்க பாய்." சிரிப்பு நின்றது.

 பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஹெலன் டீச்சர் நேரே பிரிவுத் தலைவர் அறைக்குப் போனார். தலைவர் கெட்டவர் அல்ல. ஆயிரம் பிரதிக்கும் அழைப்பிதழுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்.

"மிஸ் ஹெலன், ஒருத்தர் தப்பாப் படிச்சதுக்கு ஆயிரம் காப்பியையும் குப்பையில போடச் சொல்றீங்களா?"

"ஜாடியைத் தூக்கறதும் ஒருத்தர்தான் சார்."

"நம்பர் போட்டுடலாமே. ஒண்ணு, ரெண்டுன்னு ரப்பர் ஸ்டாம்ப் குத்தினா முடிஞ்சுது."

"குத்திப் பார்க்கலாம் சார். ஆனா ஆள்கிட்டக் கேட்காம நான் ஓகே சொல்ல மாட்டேன்."

"உங்க போஸ்ட் வருஷா வருஷம் புதுப்பிக்கிற போஸ்ட். அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க," என்றார் அவர். ஹெலன் டீச்சருக்குத் திருமணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த தகப்பனாரும், படித்துக்கொண்டிருந்த தங்கை மகளும் அவர் சம்பளத்தில் இருந்தார்கள். அன்று மாலையே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதன் நகல் வேலாயுதத்திடம் இருக்கிறது. 'இந்தப் புத்தகத்தை எழுதியவள் என்ற முறையில், இது உபயோகத்துக்குத் தகுந்ததல்ல என்று தெரிவித்துக்கொள்கிறேன். பிழை என்னுடையது.' கீழே முழுக் கையெழுத்து.

மறுநாள் மின்சார ரயிலேறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். என் கட்டுரையை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "நிறுத்த வேணாம் சார். உள்ளதைப் போடுங்க. தப்புப் பண்ணது யாருன்னும் போடுங்க," என்றார். நான் போடவில்லை. புதன்கிழமை வரை பொறுப்போம் என்றேன்.

புதன்கிழமை பிரிவுத் தலைவரே பம்மலுக்கு வந்தார். எண் குத்திய புத்தகம் அவர் கையில் இருந்தது. ஹெலன் டீச்சர் அவரிடம் ஒரு பெப்பர்மின்ட்டை நீட்டினார். "வாயில போட்டுக்குங்க சார். பேசக் கூடாது." அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

முதலில் சோதனைக்கு வந்தவர் காதர் பாயோடு வேலை செய்த, அவரைப் போலவே ஓதக் கற்ற இன்னொருவர். எண்ணைப் பார்த்தார். தலையாட்டினார். ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துவைத்தார். பிறகு மஞ்சள் தண்ணீரில் இரண்டு குவளை. அந்த ஆலையில் தொட்டிக்குப் பக்கத்தில் எண் எழுதினால் அது அளவு. ஒன்று என்றால் ஒரு குவளை, இரண்டு என்றால் இரண்டு. அளந்து வைத்ததை வலப்பக்கத்திலிருந்து ஊற்றத் தொடங்கினார்: முதலில் ஆசிட், அதுவும் இரட்டிப்பாக. பிரிவுத் தலைவர் எழுந்தே விட்டார். ஹெலன் டீச்சர் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

வெளியே வந்ததும் பிரிவுத் தலைவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விழாவைத் தள்ளிப் போட்டாச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீங்க வேலையைப் பாருங்க," என்றார். கடிதத்தை அவர் மேலிடத்துக்கு அனுப்பவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஹெலன் டீச்சரின் போஸ்ட்டும் புதுப்பிக்கப்பட்டது. பிரிவுத் தலைவருக்கும் இதில் பெருமை உண்டு. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

தீர்வு ஹெலன் டீச்சருக்கு அன்று மதியமே வந்துவிட்டது. ஆலை வாசலில் கூலிப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். தமிழ் படித்தவர், ஓதக் கற்றவர், எதுவுமே படிக்காதவர் மூவரும் அதன்முன் நின்று தங்கள் டோக்கன் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மூவருடைய விரலும் மேலிருந்து கீழே போயிற்று. "வேலாயுதம், புத்தகமே வேணாம். நீளமா ஒரே தாள். படத்தை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு போடுங்க," என்றார். குடம் மேலே, ஜாடி கீழே. இரண்டாவது படத்தில், தொட்டியில் ஏற்கெனவே தண்ணீர் நிற்பதை நீல நிறத்தில் காட்டினார் வேலாயுதம். பதினோரு பேரிடம் சோதித்தார்கள். பதினோராவது ஆள் காதர் பாய். அவர் குடத்தை முதலில் எடுத்தபோது ஹெலன் டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தத் தாளை ஆசிட் கொட்டகையில் மாட்டினார்கள். இன்றும் இருக்கிறது, வெயிலில் வெளுத்துவிட்டது. அதன்பின் அங்கே யார் முகமும் வேகவில்லை என்று எழுத எனக்கு ஆசை. கேட்டுப் பார்த்தேன், ஒரு விபத்தும் நடக்கவில்லை என்றார்கள். அது அந்தத் தாளால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததை அவர் பெயரில் எழுதினால் ஹெலன் டீச்சர் பென்சிலை எடுத்துவிடுவார்.

அடக்கத்துக்குக் கல்லூரி ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். அவரிடம் கணக்குப் படித்த பெண்கள் வந்திருந்தார்கள். பம்மலிலிருந்து ஒன்பது பேர், அரை நாள் கூலியை விட்டுவிட்டு. காதர் பாய் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். "அன்னிக்கு அத்தினி பேரும் சிரிச்சாங்க சார். அவங்க ஒருத்தர்தான் என்னாண்ட மன்னிப்பு கேட்டாங்க. எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் என்னாண்ட அப்டிக் கேட்டதில்ல," என்றார். முழுப் பெயரும் சரியாகச் சொல்லி, ஹெலன் தங்கராணி டீச்சர் என்றார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். விஷயம் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு எதிரே உட்காராமல் நான் எதையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை. இந்த அஞ்சலியை எங்கள் பத்திரிகையில் பார்சல் கட்டும் முனுசாமியிடம் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

"அமிலம்னா இன்னா சார்? ஆசிட்டா?"

ஆமாம் என்றேன். "அத்த அப்டியே எழுத வேண்டியதுதானே?" என்றார்.

தாளை வாங்கி, எல்லா இடத்திலும் மாற்றினேன்.