தில்லானாவுக்கு ஊதிய ட்ரம்பெட்

ட்ரம்பெட்டின் வாயை ஒரு தொப்பியால் மூடி மூடித் திறந்தால் "வ்வா... வ்வா..." என்று ஒரு சத்தம் வரும், அழுகிற குழந்தைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்ட மாதிரி இருக்கும். அதை நான் முதலில் கேட்டது, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய புறநகரான டூங்கபியில், எங்கள் வாடகை வீட்டு ஹோலில், ஒரு பழைய வீடியோ கசெற்றில். எல்லாம் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்கள். எலும்பே இல்லாத கைகால்களோடு ஒரு பன்றி ட்ரம்பெட் ஊதும், பூனை தன் வாலாலேயே பியானோ வாசிக்கும், தெருவிளக்குகள் இடுப்பை வளைத்து ஆடும். அந்த இசைக்கு ஜாஸ் என்று பெயர் என்பதும், அதை உண்மையில் ஊதிய மனிதர்களின் பெயர் திரையில் ஓரிடத்திலும் வரவில்லை என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தன.

கசெற்றைத் தெருவோரத்தில் கண்டெடுத்தவர் அப்பா. வேண்டாத சாமான்களைச் சனம் வாசலில் வைக்க, கவுன்சில் லொறி வந்து அள்ளிப் போகும் நாட்கள் இங்கே உண்டு. அந்த லொறிக்கு முன்னால் எங்கள் வான் போய்விடும். கதிரை, மேசை, நாங்கள் "டெக்" என்று சொல்லும் வீடியோ பிளேயர் இரண்டு, எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் கசெற் எனக்கென்றே வந்தது. எனக்கு அப்போது பத்து வயது, நாட்டுக்கு வந்து ஐந்து மாதம், வகுப்பில் வாயைத் திறந்தால் என் இங்கிலீசைக் கேட்டுச் சிரிப்பார்கள். கார்ட்டூனில் ஒருவரும் கதைக்கமாட்டார்கள், எல்லாவற்றையும் ட்ரம்பெட்டே சொல்லிவிடும், எனக்கு ஒன்றுவிடாமல் விளங்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைப் பார்த்தால்தான் மறுநாள் போக மனம் வரும். யாரும் மேலே வேறெதையும் பதிந்துவிடக் கூடாது என்று, கசெற்றின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை நானே உடைத்து வைத்தேன்.

அப்பாவின் சிநேகிதர் சிவநேசன் அங்கிள் இருந்தாரே, அவர் மகள் தர்ஷி அக்காவின் அரங்கேற்றத்தன்று வெறும் கசெற் இல்லையென்று எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, நான் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அதை எடுத்துப்போனார். உடைத்த பல்லின் ஓட்டைக்கு மேல் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். ஒட்டினார். பதிந்தார். மறுநாள் நான் விழுந்து விழுந்து அழ, "கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்தானே பிள்ளை, கலர்ல நல்லதா ஒண்டு வாங்கித் தாறன்," என்று சிரித்தார். மனுசனா அவர்! வாங்கியும் தரவில்லை. இதற்கு உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று மனதுக்குள் சபதமே எடுத்தேன்.

வாய்ப்பை அவரே கொண்டுவந்து கையில் தந்தார். கனடா, லண்டன், பாரிஸ் சொந்தங்களுக்கு அனுப்ப அரங்கேற்றத்தின் ஏழு "கொப்பி" வேண்டும் என்று என் கசெற்றையே அப்பாவிடம் கொடுத்தார். இரண்டு டெக்கையும் வயரால் இணைத்துக் கொப்பி எடுப்பது எங்கள் வீட்டில் என் வேலை. மஞ்சள் வயரில் படம் போகும், வெள்ளை வயரில் சத்தம் போகும். ஓடவிட்டுப் பார்த்தபோது, நடனம் முடிந்த பிறகு கசெற்றின் வாலில் என் கார்ட்டூன் கொஞ்சம் அழியாமல் கிடந்தது. பன்றி அங்கே ஊதிக்கொண்டிருந்தது. அந்த இசையை ரேடியோவில் போடும் பாட்டுக் கசெற் ஒன்றில் பதிந்துகொண்டேன். பிறகு ஒவ்வொரு கொப்பியிலும் தில்லானா தொடங்கியதும் வெள்ளை வயரைப் பிடுங்கி ரேடியோவில் செருகினேன். ஏழு கொப்பியிலும் தர்ஷி அக்கா ஜாஸுக்கு ஆடினாள். சில இடங்களில் காலும் தாளமும் சரியாகவே விழுந்தன, அது இன்னும் கேவலமாக இருந்தது.

மூன்று நாடுகளிலிருந்தும் ரெலிபோன் வந்தது. அங்கிள் எங்கள் வாசலில் நின்று கத்திய கத்து தெருமுனைவரை கேட்டிருக்கும். அப்பா என்னை இழுத்துவந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார், நான் கேட்கவில்லை. முதுகில் இரண்டு விழுந்தது, அப்போதும் கேட்கவில்லை. உள்ளுக்குள் மனம் குளிர்ந்துபோயிருந்தது. ஆனால் அங்கிளுக்குப் பின்னால் தர்ஷி அக்கா நின்றாள். "நான் உனக்கு என்னடி செய்தனான்?" என்றாள். அவள் எட்டு வருசம் பழகிய நடனம். அவளிடம் பிற்காலத்தில் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அங்கிளிடம் இன்றுவரை இல்லை.

போன மாதம் குவேக்கர்ஸ் ஹில்லில் தர்ஷி அக்கா வீட்டில் ஒரு பிறந்தநாள். தலை நரைத்து மெலிந்துபோன அங்கிள் என்னைக் கூப்பிட்டு, மகளின் பெரிய டிவியில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். முதல் கசெற் கராஜில் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டதாம். மற்றக் கொப்பிகளும் அவரவர் வீடு மாறியபோது குப்பைக்குப் போய்விட்டன. பாரிஸ் மாமியிடம் தப்பிய ஒரேயொரு கொப்பியில் இந்தத் தில்லானா மட்டும் ஓடுகிறதாம். பதினாறு வயது அக்கா ஆடுகிறாள், பின்னால் "வ்வா... வ்வா..." என்று என் பன்றி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இணையத்தில் எத்தனையோ பழைய கார்ட்டூன்களைத் தேடி எடுத்திருக்கிறேன், அந்தப் பன்றியை எங்குமே காணவில்லை. டெக்குகள் போய்விட்டன, ரேடியோவும் அதன் கசெற்றும் போய்விட்டன, அப்பாவும் போய்விட்டார். என் கார்ட்டூனில் மிஞ்சியது இந்த ஆறு நிமிடச் சத்தம்தான்.

"பிள்ளை, நீ வீடியோ எடிற்றிங்தானே செய்யிறாய்," என்றார் அங்கிள். "இந்தச் சனியன் சத்தத்தை எடுத்துப்போட்டு நல்ல தில்லானா ஒண்டு போட்டுத் தாவன். சாக முதல் ஒருக்கா ஒழுங்காப் பாக்கவேணும்."

ஒரு பிரதியை எனக்கென்று வைத்துக்கொண்டு மாற்றிக் கொடுக்கலாம். ஒரு மணித்தியால வேலை. ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்த அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"ஏலாது அங்கிள். படத்தோட ஒட்டிப்போச்சு, இனிக் கழட்டேலாது," என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு வேறு வழியில்லாமல், ட்ரம்பெட்டோடேயே மகளின் ஆட்டத்தை மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்கினார். நான் அவர் கையிலிருந்த ரிமோட்டை மெதுவாக வாங்கிச் சத்தத்தைக் கூட்டினேன்.