கிட்டத்து எழுத்து

கண்ணாடிக் கடையில் ஓர் அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். மேல் வரியைக் கம்பீரமாகப் படித்தேன். கீழே போகப் போக எழுத்தெல்லாம் கொசுவாகிவிட்டது. கை தானாக அட்டையைத் தள்ளிப் பிடித்தது. "நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான் மேடம்" என்றாள் கடைப்பெண். எனக்கு அவள் பேச்சில் கவனமில்லை. நீட்டிய என் கையைப் பார்த்ததும் அஞ்சலை அக்காவின் கை ஞாபகம் வந்துவிட்டது.

2005 மழைக்காலம். பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, மரக்காணத்தில் முதியோர் கல்வி வகுப்பு எடுக்கும் வேலை அமைந்தது. படித்தால் வேலை கிடைக்கும் என்று சொல்லித்தரப் படித்தும் வேலை கிடைக்காத ஆளைப் பிடித்திருந்தார்கள், பாருங்கள்! மழை வந்தால் உப்பளத்தில் வேலை கிடையாது. குவித்த உப்பின் மேல் கீற்றைப் போட்டு மூடிவிடுவார்கள். அப்போதுதான் என் வகுப்பு நிறையும். காலியான உப்பு ஷெட்தான் பள்ளிக்கூடம், வாசலில் நீல போர்டு. உள்ளே ஈர உப்பின் வாசனை. வெளியே வானமும் பாத்தித் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். ஷெட்டோடு சேர்ந்து மிதந்துகொண்டிருக்கிறோம் என்று பாதி நேரம் தோன்றும்.

அஞ்சலை அக்கா எப்போதும் முன்வரிசை. வருஷக்கணக்கில் பலகையால் உப்பைத் தன் பக்கம் வாரி இழுத்த கை. சிலேட்டில் எழுத்தையும் பெரிது பெரிதாக, இழுத்துத்தான் எழுதும். மேலே ஏற வேண்டிய கோட்டுக்குக்கூடக் கையைத் தூக்கி, உச்சியில் வைத்து மறுபடி கீழே இழுக்கும். "மேல தள்ளி எழுதுங்கக்கா" என்றால், "தள்ளினா சேறு கலங்கிடும் டீச்சர்" என்று சிரிக்கும்.

புதுச்சேரிப் பக்கம் ஓர் ஊதுபத்தி கம்பெனியில் பேக்கிங்குக்கு ஆள் எடுத்தார்கள். பாக்கெட்டில் பொடியாக இருக்கும் பெயரைப் படிக்கத் தெரிந்தால் போதும். வேன் வந்து அழைத்துப் போகும், மழை மாதத்திலும் சம்பளம் உண்டு. வீட்டுக்காரர் போன பிறகு ஒவ்வொரு மழைக்கும் அடுப்பெரிப்பதே பெரும்பாடாக இருந்த அக்காவுக்கு அது கனவு. நானே கூட்டிப்போனேன்.

மேஜை நிறையப் பாக்கெட்டுகள். "மல்லி எதும்மா, சந்தனம் எதும்மா?" என்றார் சூப்பர்வைசர். அக்கா ஒரு பாக்கெட்டை எடுத்துக் கையை நீட்டியது. இன்னும் நீட்டியது. மோந்து சொல்லலாமென்றால் அந்த ஹாலே மணத்தது.

"படிக்கத் தெரியாதவங்க வேணாம்மா."

"படிக்கத் தெரியும் சார்." அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தது. கோட்டக்குப்பம் நெருங்கும்போது, எனக்கு ஊர்ப் பலகை தெரிவதற்கு முன்பே, "கோட்ட... குப்பம்" என்று பிடிவாதமாகப் படித்தது. "தூரத்துல இருக்கறது தெரியுது டீச்சர். கிட்ட வந்தாதான் கலங்கிப் போவுது."

முன்சீட்டு பாய் திரும்பினார். தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, பையிலிருந்த தைல பாட்டிலையும் நீட்டினார். "இத போட்டுப் படிம்மா."

"வெளிப்... பூச்சுக்கு... மட்டும்!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அக்கா அழுதுகொண்டே சிரித்தது.

"வச்சிக்கம்மா. மவன் துபாய்லேர்ந்து வேற அனுப்பிச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு பாய் இறங்கினார். அவர் பின்னாலேயே நாங்களும் இறங்கி, எதிர் பஸ்ஸைப் பிடித்துக் கம்பெனிக்கே திரும்பினோம்.

மூக்கில் நிற்காத அந்த ஆம்பளைக் கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு, மல்லி, சந்தனம், ரோஜா என்று பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்து வைத்தது அக்கா. வேலை கிடைத்தது.

அதைப் பார்த்து மற்றவர்களும் மும்முரமாகப் படித்தார்கள். படித்தவர்கள் வேனில் ஏற ஏற என் வகுப்பு காலியானது. அடுத்த வருஷம் மையத்தை மூடினார்கள், எனக்கு வேலை போனது. இப்படி வேலை போனதற்குச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூடும்வரை, காலையில் வேன் ஷெட்டைக் கடக்கும்போது அக்கா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, எங்கள் நீல போர்டை உரக்கப் படித்துக்கொண்டு போகும்.

கடையிலிருந்து புதுக் கண்ணாடியோடு மரக்காணம் வழியாகத்தான் வீடு திரும்பினேன். அந்த இடம் வந்ததும் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷெட் இல்லை, போர்டு இல்லை. அக்கா போய்ச் சேர்ந்தும் சில வருஷங்கள் ஆகிவிட்டன. தூரத்துப் பார்வை எனக்கு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.