பூச்சியம் என்று வந்த பதில்

1. குருநகரில் கடலோரம் கட்டும் மீன் சந்தைக்கு, கொங்கிறீற் பீம்கள் உள்ள கணினி மாதிரியையும் குழாய்கள் உள்ள மாதிரியையும் இணைத்தேன்.
2. எத்தனை குழாய்கள் பீமில் முட்டுகின்றன என்று தேடினேன். கணினி பூச்சியம் என்றது.
3. கொங்கிறீற் போடச் சொன்னேன்.

கலவை லொறி உள்ளே வரும்போது குழாய் பொருத்தும் அண்ணை கூப்பிட்டார்.

“தங்கச்சி, கழிவுக் குழாய் இந்தப் பீமுக்குள்ளாலையெல்லோ போகவேணும். ஓட்டை எங்கை?”

“ஒண்டும் முட்டேல்லை எண்டு காட்டுது, அண்ணை.”

“அப்ப உங்கடை கொம்பியூட்டருக்கை குழாய் எங்கை நிக்குது?”

திறந்து பார்த்தேன். ஒரு மாதிரியைக் காணி மூலையிலிருந்தும் மற்றதை வீதியோரத்திலிருந்தும் அளந்து வரைந்திருந்தார்கள். திரையில் குழாய்கள் கட்டடத்துக்கு வெளியே, கடலுக்குள் நின்றன. சந்திக்கவே முடியாத இரண்டுக்குள் முட்டலைத் தேடியிருக்கிறேன்.

லொறியை மறிக்க ஓடினேன்.

பார்க்காமல் நம்பியது என் பிழைதான். பீமில் இப்போது ஓட்டைக்கு இடம் விட்டிருக்கிறோம். கொங்கிறீற் இன்னும் போடவில்லை.